க்ரோ லைட் வாங்கும்போது: எது தொழில் ரகசியம், எது வெறும் மழுப்பல்

வீட்டுக்குள் செடி வளர்க்க எல்இடி விளக்கு தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது பெரிய பெரிய எண்கள்தான். 1000 வாட், 2000 வாட், ஃபுல் ஸ்பெக்ட்ரம் (எல்லா நிற ஒளியும் கலந்தது என்பது), 1,00,000 மணி நேரம். அந்த எண் எப்படி வந்தது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பதிலே போட மாட்டார்கள். மீதிப் பேரில் பலர் "அது எங்கள் கம்பெனி ரகசியம் சார்" என்பார்கள். குளிர்காலம் வந்ததும் கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைக்கும் டொரன்டோ தமிழருக்கும், சென்னை ஃபிளாட்டில் மைக்ரோகிரீன்ஸ் தட்டு அடுக்குபவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்.

எல்லா ரகசியமும் ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. உண்மையான தொழில் ரகசியங்கள் இந்தத் துறையில் நிறைய உண்டு. ஆனால் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது: விளக்கிலிருந்து வெளியே வருவது எதுவும் ரகசியமாக இருக்க முடியாது. எந்த நிறம், எவ்வளவு ஒளி, எவ்வளவு மின்சாரம் என்பதையெல்லாம் கருவி வைத்திருக்கும் எவரும் ஒரு விளக்கை வாங்கி அரை நாளில் அளந்துவிடலாம். போட்டிக் கம்பெனிக்காரர் அளந்து முடித்து ரொம்ப நாள் ஆகியிருக்கும். தெரியாமல் இருப்பது வாங்குகிற உங்களுக்கு மட்டும்தான். ஹோட்டல்காரர் சாம்பார் பொடியின் பக்குவத்தைச் சொல்ல வேண்டாம். பார்சலில் எத்தனை மில்லி இருக்கிறது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, வாங்கும் வேலையை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் உங்கள் தேவையைக் கணக்குப் போடுங்கள்

விற்பவரிடம் போவதற்கு முன் இது கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் சொல்வதுதான் உங்கள் தேவை என்று ஆகிவிடும்.

செடி பயன்படுத்தும் ஒளியின் அலைநீளம் பெரும்பாலும் 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ளது. அந்த எல்லைக்குள் ஒரு விளக்கு நொடிக்கு எத்தனை ஃபோட்டான்களை, அதாவது ஒளித் துகள்களை, வெளியிடுகிறது என்பதுதான் பிபிஎஃப். மைக்ரோமோல் என்பது அந்த ஃபோட்டான்களை எண்ணும் அலகு; நொடிக்கு இத்தனை மைக்ரோமோல் என்று சொல்வார்கள். அந்த ஒளி செடி இருக்கும் இடத்தில் ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு விழுகிறது என்பது பிபிஎஃப்டி. நாள் முழுக்க விழுந்ததன் கூட்டுத்தொகை டிஎல்ஐ. மூன்று எழுத்தும் நான்கு எழுத்துமாகப் பயமுறுத்தும். ஆனால் இந்த மூன்றுக்கு மேல் வேறு எதுவும் தொடக்கத்தில் தேவையில்லை.

லெட்யூஸ் போன்ற இலைப் பயிருக்கு நாளுக்கு 12 முதல் 17 மோல் டிஎல்ஐ போதும். தக்காளி, மிளகாய் காய்க்க வேண்டுமென்றால் 20 முதல் 30 வரை வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.2 மீட்டர் நீளம், 0.6 மீட்டர் அகலம் உள்ள தட்டில் லெட்யூஸ். பரப்பு 0.72 சதுர மீட்டர். பிபிஎஃப்டி 250 என்று வைத்து, நாளுக்கு 16 மணி நேரம் எரியவிட்டால் 250 × 16 × 3600 = 1 கோடியே 44 லட்சம் மைக்ரோமோல், அதாவது 14.4 மோல். சரியாக இருக்கிறது. தட்டின் மேல் விழ வேண்டியது 250 × 0.72 = 180 மைக்ரோமோல். ஓரத்தில் சிந்துவது ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 225 மைக்ரோமோல் தரும் விளக்கு வேண்டும்.

இந்த 225-ஐத் தாளில் பெரிதாக எழுதி வையுங்கள். நீங்கள் வாங்கப் போவது இதைத்தான். வாட் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

ஒரு வாட் ஒரு நொடி ஓடினால் ஒரு ஜூல். ஒரு ஜூலுக்கு எத்தனை மைக்ரோமோல் கிடைக்கிறது என்பதுதான் விளக்கின் திறன். ஜூலுக்கு 2.5 மைக்ரோமோல் தரும் விளக்கு என்றால் இந்த 225-க்கு 90 வாட் ஆகும். ஜூலுக்கு 1.5 தான் தரும் என்றால் 150 வாட். 16 மணி நேரத்துக்கு முறையே 1.44 யூனிட், 2.4 யூனிட். நாளுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் வித்தியாசம். வருடத்துக்கு 350 யூனிட். உங்கள் ஊர் மின் கட்டணத்தில் பெருக்கிக்கொள்ளுங்கள். விற்பவர் மறைக்கிற அந்த ஒரு எண்ணுக்குள் உங்கள் கரன்ட் பில் ஒளிந்திருக்கிறது.

பிறகு நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்

போனில் கேட்டால் வாய்ப்பேச்சோடு போய்விடும். மெயிலோ வாட்ஸ்அப்போ நல்லது. இப்படி அனுப்பினால் போதும்:

"வணக்கம் சார். உங்கள் இந்த மாடல் விளக்கை வாங்க நினைக்கிறேன். (1) பிளக்கில் அளந்தால் எத்தனை வாட் இழுக்கும்? (2) முழு விளக்கின் பிபிஎஃப் எவ்வளவு? 400 முதல் 700 நானோமீட்டருக்குள் அளந்ததா? (3) பிபிஎஃப்டி வரைபடம் இருந்தால், எந்த உயரத்தில், எவ்வளவு பரப்பில், சுற்றிலும் பிரதிபலிக்கும் சுவர் வைத்தா வைக்காமலா அளந்தது? (4) எல்எம்-79 பரிசோதனை அறிக்கை இருக்கிறதா? இருந்தால் பிடிஎஃப் அனுப்ப முடியுமா?"

இந்த நான்கில் எதுவுமே ரகசியம் கேட்பதாகாது. எல்எம்-79 என்பது முழு விளக்கையும் பரிசோதனைக் கூடத்தில் வைத்து மின்சாரத்தையும் ஒளியையும் அளக்கும் அமெரிக்க முறை. செடி விளக்கில் எந்த அளவுக்கு என்ன பெயர் என்பதை வரையறுக்க எஸ்640 என்ற தரநிலை 2017-லேயே வந்துவிட்டது. ஆகவே "இந்தத் துறையில் யாரும் இதையெல்லாம் அளப்பதில்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் அளக்கவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வணிகத்துக்கான பெரிய விளக்கு என்றால் இன்னொரு குறுக்குவழி உண்டு. டிசைன்லைட்ஸ் கன்சார்ட்டியம், சுருக்கமாக டிஎல்சி, என்ற வட அமெரிக்க அமைப்பு செடி விளக்குகளுக்கு ஒரு தகுதிப் பட்டியல் வைத்திருக்கிறது. மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் பரிசோதித்த வாட், பிபிஎஃப், திறன் எல்லாம் கிடைக்கும். அதன் மூன்றாம் பதிப்பு விதிகளில், பட்டியலில் இடம்பெற ஜூலுக்குக் குறைந்தது 2.30 மைக்ரோமோல் வேண்டும். பட்டியலில் இல்லாததெல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை. பரிசோதனைக்கும் பதிவுக்கும் பணம் செலவாகும். சிறு தயாரிப்பாளர்கள் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. ஆனால் பட்டியலில் இருப்பதாகச் சொல்லி, தேடினால் இல்லாதவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

வந்த பதிலைப் படிப்பது

உண்மையான வேலை இங்கேதான். பச்சைப் பொய் சொல்பவர்கள் குறைவு. உண்மையான எண்ணை வேறு இடத்தில் பொருத்திக் காட்டுபவர்கள்தான் அதிகம்.

வாட்டில் ஆரம்பிப்போம். பெட்டியின் மேல் 1000 வாட் என்று இருக்கும் மலிவான விளக்கு, பிளக்கில் அளந்தால் 100-இலிருந்து 200 வாட் வரைதான் இழுக்கும். 10 வாட் தாங்கும் எல்இடி 100 இருக்கிறது, எனவே 1000 என்பது ஒரு பழைய கணக்கு. பழைய சோடியம் விளக்குக்கு இணையான வாட் என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் மறந்துவிடுங்கள். விளக்கின் டிரைவர், அதாவது பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி, அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் போட்டோவைக் கேளுங்கள். அதில் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும். பெரிய எண் விளக்கு வந்த அட்டைப்பெட்டியில் இருக்கும், உண்மைக்கு நெருக்கமான எண் ஸ்டிக்கரில் இருக்கும்.

அடுத்தது சிப், அதாவது பலகையில் புள்ளி புள்ளியாக இருக்கும் ஒவ்வொரு எல்இடியும். "சாம்சங் எல்எம்301ஹெச் சிப், ஜூலுக்கு 3.1 மைக்ரோமோல்" என்ற விளம்பரத்தை நிறையப் பார்ப்பீர்கள். 3.1 என்ற எண் பொய்யில்லை. சாம்சங்கின் தரவுத்தாளில் 3.10 என்றே இருக்கிறது. ஆனால் அது ஒற்றை சிப்புக்கு, 65 மில்லி ஆம்பியர் மட்டும் கொடுத்து, சிப் சூடேறாத நிலையில் அளந்தது. அதே சிப்புக்கு அதிகக் கரன்ட் கொடுத்தால் வெளிச்சம் கூடும், திறன் குறையும். சூடேறினால் இன்னும் குறையும். டிரைவர் தன் பங்குக்கு 5 முதல் 10 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். மேலே ஒட்டிய கண்ணாடியோ கோட்டிங்கோ கொஞ்சம் விழுங்கும்.

இதை நீங்களே சோதிக்க ஒரு வழி இருக்கிறது, கருவி எதுவும் வேண்டாம். விளக்குப் பலகையின் தெளிவான போட்டோவில் சிப்புகளை எண்ணுங்கள். ஒரு வரிசையை எண்ணி, வரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். 65 மில்லி ஆம்பியரில் அந்த வகைச் சிப் ஒன்று ஏறக்குறைய 0.18 வாட்தான் எடுக்கும். 100 வாட் விளக்கு என்றால் அந்தக் கணக்கில் 550 சிப் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 200 தான் இருக்கிறதா? அப்படியானால் ஒவ்வொன்றும் அரை வாட்டைச் சுமக்கிறது. தரவுத்தாளில் உள்ள 3.1 இந்த விளக்குக்குச் சொந்தமில்லை. சிப்பைக் குறைத்து, கரன்ட்டைக் கூட்டி, விலையை இறக்கியிருக்கிறார்கள். அதில் தப்பில்லை, மலிவு விலைக்கு அதுவே வழி. ஆனால் 3.1 என்று எழுதக் கூடாது.

இயற்பியல் போட்டு வைத்திருக்கும் ஓர் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். கொடுத்த மின்சாரம் ஒரு துளிகூட வீணாகாமல் ஒளியானாலும், 450 நானோமீட்டர் நீல ஒளியில் ஜூலுக்கு 3.76 மைக்ரோமோலும் 660 நானோமீட்டர் சிவப்பில் 5.5-உம் தான் கிடைக்கும். வெள்ளை விளக்கு ஒன்று பிளக்கிலிருந்து 4 தருகிறது என்று எவராவது சொன்னால், எந்த ரகசியத் தொழில்நுட்பமும் அதைக் காப்பாற்றாது. சிவப்பு அதிகம் சேர்த்த விளக்கின் எண் இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதையும் வெள்ளை விளக்கையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 700-க்கு மேலே உள்ள தூரச் சிவப்பையும் பிபிஎஃப்-இல் சேர்த்து எண்ணைக் கூட்டிக் காட்டுபவர்களும் உண்டு. அந்த ஒளி பயனற்றது என்று சொல்லவில்லை. சேர்த்திருந்தால் சேர்த்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது கேள்வியில் 400 முதல் 700 என்று குறிப்பிட்டது அதற்காகத்தான்.

வரைபடத்தில் நடு எண்ணை மட்டும் காட்டினால் நம்ப வேண்டாம். விளக்கைக் கீழே இறக்கினால் நடுவில் 1000 வரும், மூலையில் 150 தான் இருக்கும். மூலை எண்களைப் பாருங்கள். சுற்றிலும் வெள்ளிச் சுவர் கொண்ட கூடாரத்தில் அளந்த வரைபடமும் திறந்த அலமாரிக்குப் பொருந்தாது.

ஆயுள் பற்றி ஒரு சுவாரசியமான விஷயம். எல்இடி சிப்பின் ஒளி காலப்போக்கில் எப்படி மங்குகிறது என்று அளக்கும் முறை எல்எம்-80. வழக்கமாகக் குறைந்தது 6000 மணி நேரம் எரியவிட்டு அளப்பார்கள். அந்தத் தரவை வைத்து எதிர்காலத்தைக் கணிக்கும் முறை டிஎம்-21. அதில் ஒரு கட்டுப்பாடு: போதுமான மாதிரிகளை வைத்துச் சோதித்திருந்தாலும், சோதித்த நேரத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேல் கணிக்கக் கூடாது. 6000 மணி நேரச் சோதனைக்கு 36,000 மணிதான் உச்சம். டிஎல்சி கேட்பதும் அதே 36,000 மணிதான், அதுவும் 90 சதவீத ஒளியாவது மிஞ்சும்படி. தினமும் 16 மணி எரித்தால் ஆறு வருடம் வரும். 1,00,000 மணி என்று போட வேண்டுமானால் சுமார் 16,700 மணி, கிட்டத்தட்ட இரண்டு வருடம் இடைவிடாமல் எரித்துச் சோதித்திருக்க வேண்டும். போன வருடம் சந்தைக்கு வந்த சிப்புக்கு அந்த எண் எப்படி வந்தது என்று கேளுங்கள். தவிர, வீட்டில் முதலில் போவது பெரும்பாலும் சிப் இல்லை, டிரைவர்தான். டிரைவர் எந்தக் கம்பெனி, வாரன்டி யார் கொடுப்பது என்பது மணிக்கணக்கைவிட முக்கியம்.

எதைக் கேட்டால் அவர் மறுப்பது நியாயம்

எல்லாவற்றையும் கேட்டுக் குடைவதும் முறையல்ல. சிப்புகளை என்ன விலைக்கு, யார் மூலமாக வாங்குகிறார்கள். சூட்டைக் கடத்தப் பலகையை எப்படி ஒட்டுகிறார்கள். தண்ணீர் படாமலிருக்க என்ன பூச்சு, எந்த வெப்பத்தில் உலர்த்துகிறார்கள். டிரைவருக்குள் ஓடும் மென்பொருள். எந்தப் பயிருக்கு எந்த வாரத்தில் எந்த ஒளியை எவ்வளவு கொடுப்பது என்று பல வருடம் சோதித்துச் சேர்த்த தரவு. இவையெல்லாம் விளக்கை வாங்கி அளந்தாலும் தெரியாதவை. இவற்றைச் சேர்க்கப் பணமும் காலமும் போயிருக்கிறது.

உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம், 39-வது பிரிவில், இதைத் தெளிவாகவே சொல்கிறது. தகவல் பொதுவாகத் தெரியாததாக இருக்க வேண்டும். தெரியாமல் இருப்பதாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்க வேண்டும். அதைக் காக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2016-லும், ஐரோப்பிய ஒன்றியத்தில் அதே ஆண்டிலும் தனிச் சட்டம் வந்தது. இந்தியாவில் இன்னும் ஒப்பந்தச் சட்டத்தையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் வைத்தே வண்டி ஓடுகிறது. தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289-வது அறிக்கையில் பரிந்துரைத்தது.

உண்மையான எல்இடி ரகசியம் களவு போனால் என்ன ஆகும் என்பதற்கு லூமிலெட்ஸ் வழக்கு ஓர் உதாரணம். கலிஃபோர்னியாவில் உள்ள அந்த நிறுவனத்தை விட்டு விலகிய ஊழியர் ஒருவர் தொழில்நுட்பக் கோப்புகளை எடுத்துக்கொண்டு சீனாவின் எலெக்-டெக் நிறுவனத்துக்குப் போனதாக வழக்கு. 2018 ஆகஸ்டில் சான்டா கிளாரா ஜூரி 6.6 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. சண்டை சிப்பைச் செய்யும் விதத்தைப் பற்றியது. எவ்வளவு ஒளி வருகிறது என்பதற்காக யாரும் அப்படிக் கோர்ட்டுக்குப் போவதில்லை, ஏனென்றால் அதை அளப்பது களவு அல்ல. கடையில் வாங்கிய பொருளைப் பிரித்துப் பார்த்து ஆராய்வதை அமெரிக்கச் சட்டமும் ஐரோப்பியச் சட்டமும் அனுமதிக்கின்றன. வாரன்டி போய்விடும், அது வேறு கதை.

இதோடு சேர்த்து ஒன்று. "பேட்டன்ட் வாங்கிய ரகசிய ஸ்பெக்ட்ரம்" என்ற வாசகத்தைப் பார்த்தால் உடனே பேட்டன்ட் எண்ணைக் கேளுங்கள். காப்புரிமை கிடைக்க வேண்டுமானால் கண்டுபிடிப்பை வெளியே சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு ஈடாகத்தான் 20 வருட உரிமை. பேட்டன்டாக இருந்தால் ரகசியமில்லை, ரகசியமாக இருந்தால் பேட்டன்ட் இல்லை. எண் கொடுத்தால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். சில சமயம் ஸ்பெக்ட்ரம் வரைபடம் அதிலேயே இருக்கும்.

ஸ்பெக்ட்ரம் பற்றிய மந்திரப் பேச்சுக்கும் அதிகம் மயங்க வேண்டாம். பச்சை ஒளி செடிக்குத் தேவையே இல்லை என்று சொல்லி, சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த ஊதா விளக்குகளை விற்ற காலம் ஒன்று உண்டு. கீத் மெக்ரீ 22 வகைப் பயிர்களின் இலைகளை அளந்து 1972-ல் வெளியிட்ட ஆய்விலேயே பச்சை ஒளியிலும் ஒளிச்சேர்க்கை நன்றாக நடப்பது தெரிந்தது. ஊதா வெளிச்சத்தில் இலை நோய் கண்ணுக்குத் தெரியாது, அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கவும் முடியாது. வீட்டுக்கு வெள்ளைதான் என் தேர்வு.

வெளியாள் அளந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் புரூஸ் பக்பியும் ஜேக்கப் நெல்சனும் 2014-ல் சந்தையில் இருந்த விளக்குகளை அளந்து முடிவை வெளியிட்டார்கள். அப்போது கிடைத்த சிறந்த எல்இடியும் சிறந்த சோடியம் விளக்கும் ஏறக்குறைய சமம், இரண்டும் ஜூலுக்கு 1.7 அளவில். எல்இடி விளம்பரங்கள் அப்போது பேசிய பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பக்பி ஒளி அளக்கும் கருவி செய்யும் அபோஜி நிறுவனத்தைத் தொடங்கியவரும்கூட. அதையும் தெரிந்துகொண்டே படியுங்கள். எண்களை மறுக்க நினைப்பவரும் அளந்துதான் மறுக்க வேண்டும். இன்று எல்இடி 2.5-ஐத் தாண்டி எங்கேயோ போய்விட்டது.

கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டியவை

பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. விளக்கை முழு வெளிச்சத்தில் அரை மணி நேரம் எரியவிட்டு, சூடேறிய பிறகு எண்ணைப் படியுங்கள். விற்றவர் சொன்ன வாட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஒளியை அளக்க நல்ல குவான்டம் மீட்டர் வேண்டும், ஆனால் அதன் விலை உங்கள் விளக்கைவிட அதிகமாக இருக்கலாம். வெள்ளை விளக்காக இருந்தால் சாதாரண லக்ஸ் மீட்டரே தோராயமாக உதவும்: வந்த லக்ஸை 65 முதல் 70 வரையிலான எண்ணால் வகுத்தால் பிபிஎஃப்டி கிட்டத்தட்ட வந்துவிடும். 17,000 லக்ஸ் என்றால் 250-ஐ ஒட்டி இருக்கும். வெயிலை அளப்பதென்றால் 54-ஆல் வகுக்க வேண்டும். ஊதா விளக்குக்கு இது உதவவே உதவாது, ஏனென்றால் லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு. சிவப்பையும் நீலத்தையும் குறைவாகவே எண்ணும். போன் செயலிகள் பரவாயில்லை, ஆனால் ஒவ்வொரு போனும் ஒவ்வொரு எண் காட்டும். நடு எவ்வளவு, மூலை எவ்வளவு என்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டில் ஒன்பது இடத்தில் அளந்து, தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். கம்பெனி கொடுத்த வரைபடத்தின் அதே உயரத்தில் விளக்கைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின் இருந்தால் உங்கள் மீட்டரின் குறையாகக்கூட இருக்கலாம். பாதிதான் வருகிறது என்றால் அது மீட்டரின் குறை இல்லை.

அப்போது வாட் மீட்டரின் போட்டோ, ஒன்பது கட்டத் தாள், விற்பவர் எழுத்தில் கொடுத்த பதில் மூன்றையும் சேர்த்து, திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். இந்தியாவில் வாங்கியிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே சொல்கிறது. அந்த வரியையும் மெயிலில் சேர்க்கலாம். பெட்டியையும் தெர்மோகோலையும் அதுவரை தூக்கிப் போட வேண்டாம்.